இரண்டு விசிலுக்கு ஒரு மூச்சு

மடியில் இருப்பது குக்கரா சார்? புதிதா? அட்டைப்பெட்டியைப் பார்த்ததுமே நினைத்தேன். கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். தப்பாக நினைக்காதீர்கள், எனக்கும் குக்கருக்கும் ஆகாது. எங்கள் வீட்டுக் குக்கரை நான் பரண்மேல் ஏற்றி ஒரு வருஷமாகிறது. சோறு, பருப்பு எல்லாம் பானையில்தான்.

ஏன் என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லையா? பரவாயில்லை, சொல்கிறேன். போடி வரைக்கும்தானே போகிறீர்கள்? நேரம் இருக்கிறது.

ஆனால் மெதுவாகத்தான் பேசுவேன். முன்னால் மூன்றாவது வரிசையைப் பாருங்கள். கத்தரிப்பூ நிறச் சேலை, தலையில் கனகாம்பரம். தெரிகிறதா? அதுதான் என் வீட்டுக்காரி, சீனியம்மாள். நான் இந்த பஸ்ஸில் இருப்பது அவளுக்குத் தெரியாது. அதனால்தான் இந்தச் சித்திரை வெயிலில் குரங்குக் குல்லா. எனக்குக் குளிர்ஜுரம் என்று நினைத்து நீங்கள் தள்ளி உட்கார்ந்தீர்கள், பார்த்தேன். ஜுரமெல்லாம் இல்லை சார். மாறுவேஷம்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நானே அவளை முன்வாசலில் ஏற்றிவிட்டேன். கை காட்டினேன். வீட்டுக்குப் போகிறவன் மாதிரி பத்தடி நடந்தேன். பஸ் நகர்ந்ததும் பின்வாசலில் தொற்றிக்கொண்டேன். நான் யார் என்று நினைத்தீர்கள்? இதே ரூட்டில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். கண்டக்டர் சன்னாசி என்றால் உசிலம்பட்டி டீக்கடையில் சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போடுவார்கள். இந்தக் கண்டக்டரையே பாருங்களேன். உங்களிடம் டிக்கெட் கேட்டார். அந்தப் பூக்காரம்மாவிடம் கேட்டார். என்னிடம் வந்தார், முகத்தைப் பார்த்தார், லேசாகச் சிரித்தார், போய்விட்டார். குல்லா போட்டிருந்தாலும் சீனியர் என்பது முகத்தில் தெரிந்துவிடுகிறது சார்.

சரி, குக்கருக்கு வருகிறேன்.

சீனிக்குப் பிரஷர். எல்லாருக்கும் வருகிற பிரஷர் இல்லை. அது எனக்கும் இருக்கிறது. காலையில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். அதை எனக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இட்லித் தட்டின் ஓரத்தில் தினமும் இருக்கும், எடுத்துப் போட்டுக்கொள்வேன். ஒழுக்கம் சார், ஒழுக்கம். சீனிக்கு வந்தது நுரையீரல் பிரஷர். இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகிற குழாய் குறுகிவிட்டதாம். டாக்டர் நஃபீசா படம் போட்டு விளக்கினார். நான் உடனே புரிந்துகொண்டேன். இதே ரூட்டில் வருகிற ஆண்டிபட்டிக் கணவாய்தான். மேலே பாதை குறுகல். கீழே வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. பின்னாலிருந்து இதயம் முக்கி முக்கித் தள்ளுகிறது. தள்ளித் தள்ளி இதயமே களைத்துப்போகிறது.

முதலில் எங்களுக்குத் தெரியவில்லை. மொட்டைமாடியில் வற்றல் எடுக்கப் போவாள், பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள். சோம்பல் என்று நினைத்தேன். அப்புறம் என்னோடு சண்டை போடும்போது பாதி வாக்கியத்தில் மூச்சு நின்றுவிட ஆரம்பித்தது. "நீங்க மனுசனா இருந்தா..." என்பாள், அதற்கு மேல் வராது. மீதியை நானே முடித்துக்கொள்வேன். எனக்குச் சாதகமாகத்தான் முடிப்பேன். ஆனால் சார், முப்பத்தைந்து வருஷம் முழு வாக்கியமாகத் திட்டு வாங்கியவனுக்கு அரை வாக்கியம் பயமாக இருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

மருந்தை மூச்சோடு உள்ளே இழுக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் கணவாய் கொஞ்சம் விரியும். அதற்கு ஒரு மெஷின் கொடுத்தார்கள். மிக்ஸிக்கும் சொம்புக்கும் பிறந்த மாதிரி இருக்கும். முதலில் சார்ஜ் போட வேண்டும். அப்புறம் அதற்கென்று உள்ள தண்ணீரை ஊற்ற வேண்டும். மருந்துக் குப்பியைத் திருகிக் கிண்ணத்தில் விட வேண்டும், மூடி போட வேண்டும், குழாய் மாட்ட வேண்டும். அது பீப் என்று கத்தும்போது வாயில் வைத்து மூச்சை இழுக்க வேண்டும். ஒன்று இல்லை, ஒன்பது மூச்சு. ஒரு வேளைக்கு ஒன்பது. நாளைக்கு நாலு வேளை. ராத்திரி எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிக் காயவைக்க வேண்டும்.

"எண்ணிக்கை தப்பக் கூடாது" என்று டாக்டர் சொன்னார். யாரிடம் சொல்கிறார்! தீபாவளிக் கூட்டத்தில் படியில் தொங்குகிறவர்களையும் சேர்த்துத் தலை எண்ணியவன் நான்.

என் பழைய விசிலைத் தேடி எடுத்தேன். இதோ, இந்தப் பையில்தான் இருக்கிறது. ஒரு விசில் என்றால் பஸ் நிற்க வேண்டும், இரண்டு என்றால் போக வேண்டும், உங்களுக்கே தெரியும். அதே சட்டத்தை வீட்டில் கொண்டுவந்தேன். இரண்டு விசில் அடித்தால் மூச்சை இழு. ஒரு விசில் அடித்தால் விடு. மெஷின்தான் பீப் என்கிறதே என்றாள் சீனி. பீப்புக்கு ஏது அதிகாரம் சார்? கொசு மாதிரி ஒரு சத்தம். விசில் என்றால் பஸ்ஸே நிற்கிறது.

அக்கம்பக்கத்தில் கொஞ்சம் சிரமம் இருந்தது, மறைக்கவில்லை. எதிர்வீட்டு ஆரோக்கியம் முப்பது வருஷம் டிரைவராக இருந்தவர். பகலில் தூங்குவார். நான் ஒரு விசில் அடித்தால் தூக்கத்திலேயே காலை நீட்டி பிரேக் போடுவார். கட்டில் பலகை இரண்டு தடவை உடைந்தது. "அண்ணே, நீங்க வைத்தியம் பாருங்க, வேண்டாங்கல. என்னைய எதுக்குண்ணே ஆக்சிடெண்ட் பண்ண வைக்கிறீங்க?" என்று வந்து நின்றார். காய்கறி வண்டிக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தால் நிற்பதும் நகர்வதுமாக முழித்துக்கொண்டிருப்பார். ஒன்பது மூச்சு முடிந்தால்தான் தெருவைத் தாண்டுவார். நாளடைவில் அவருக்கே ஒன்பது என்று மனப்பாடம் ஆகிவிட்டது.

அப்புறம்தான் குக்கர். ஒருநாள் ஆறாவது மூச்சு. நான் இரண்டு விசில் அடித்தேன், அவள் இழுத்தாள். நான் விடச் சொல்வதற்குள் அடுப்படியில் குக்கர் அடித்துவிட்டது...

என்ன சார், முன்னால் எட்டிப் பார்க்கிறீர்கள்? உசிலம்பட்டி. நிற்கத்தான் செய்வான். வெள்ளரிக்காய் விற்கிறவர்கள் ஏறுவார்கள், அதில் பார்க்க என்ன இருக்கிறது? என்னைப் பாருங்கள், முக்கியமான இடத்தில் இருக்கிறேன்.

குக்கர் ஒன்று அடித்தது, அவள் மூச்சை விட்டாள். குக்கர் இன்னும் இரண்டு அடித்தது, அவள் இழுத்தாள். நான் பதறிப்போய் ஒன்று அடித்தேன். குக்கர் ஒன்று அடித்தது. எது குக்கர், எது நான் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆறா, ஏழா, எட்டா? நான் ஏழு என்கிறேன். அவள், "பருப்பு வெந்துருச்சு, எனக்கு அது போதும்" என்கிறாள். இது பதில் சொல்கிற முறையா? அன்றைக்குக் குக்கரைப் பரணில் ஏற்றினேன். ஒரு வீட்டில் ஒரு விசில்தான் இருக்க முடியும்.

யாரோ முன்னால் இருமுகிறார்கள். புழுதி சார். ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள்.

அன்றைக்குச் சீனிக்குக் கோபம் வந்தது. எழுந்து வந்து என் கையிலிருந்து விசிலைப் பிடுங்கினாள். எனக்கே ஊதிக் காட்டப் போகிறாளாம். வாயில் வைத்து ஊதினாள். ஃபுஸ் என்று காற்று மட்டும் வந்தது. விசிலுக்குள் இருக்கிற உருண்டை அசையக்கூட இல்லை. மறுபடி ஊதினாள். மறுபடியும் ஃபுஸ். விசிலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பருப்பு நன்றாகத்தான் வெந்திருந்தது. ஆனாலும் சாப்பிடவில்லை.

விடுங்கள். ஒரு வருஷம் அவளை எப்படிப் பார்த்துக்கொண்டேன் தெரியுமா? ஆஸ்பத்திரியைத் தவிர வாசற்படி தாண்டவில்லை. கல்யாணம், கோயில், சினிமா, எதுவும் கிடையாது. மெஷினை எப்படித் தூக்கிப்போவது, தண்ணீரை எங்கே ஊற்றுவது, விசில் அடித்தால் கல்யாண மண்டபத்தில் என்ன ஆகும்? வீட்டிலேயே இருந்தாள். அவ்வளவு பத்திரம். போடியிலிருந்து அவள் அக்கா போன் பண்ணும்போதெல்லாம் அழுவாள். இப்படி ஒரு புருஷன் கிடைத்திருக்கிறானே என்று.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் சார், டாக்டர் நஃபீசா கை வைத்தார்.

போன மாதம் போயிருந்தோம். மேஜை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிறது. குழந்தைகள் ஊதுகிற பீப்பி மாதிரி இருக்கிறது. "இது புதுசு. தூள் மருந்து. ஒரு வேளைக்கு ஒரு குப்பியை இதுல போட்டு மூடி, ஒரு மூச்சு இழுத்தா முடிஞ்சுது" என்கிறார்.

"எத்தனை மூச்சு?" என்றேன்.

"ஒரே மூச்சு."

"ஒன்பது மூச்சுல போற மருந்து ஒரு மூச்சுல எப்படிம்மா போகும்? மீதி எட்டு எங்க போகும்?"

"அது புகை சார், இது தூள். அவங்களுக்கு வேண்டிய அளவு அந்தக் குப்பியிலயே அடைச்சிருக்கு. நாலு வேளை அதேதான். ஆனா தண்ணி ஊத்த வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம். நீங்க எண்ண வேண்டியதே இல்லை."

எண்ண வேண்டியதே இல்லையாம்! என் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். டீக்கடையில் உட்காரவைத்து "இனிமே உங்களுக்கு டூட்டி இல்லை" என்று சொல்வார்களே, அந்த மாதிரி.

சீனி முதலில் என்ன கேட்டாள் தெரியுமா? மருந்தின் பெயர் கேட்கவில்லை. எந்த வேளைக்கு என்று கேட்கவில்லை. "அப்ப இதுக்கு விசில் வேண்டாமா டாக்டர்?" என்று கேட்டாள். குரல் தழுதழுத்தது சார். எனக்காக வருத்தப்படுகிறாள், பாவம். டாக்டர் சிரித்துக்கொண்டே, "வேண்டாம்மா. கொஞ்சம் இருமல் வரும், ஒரு வாய் தண்ணி குடிங்க, போதும்" என்றார். சீனி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

வீட்டுக்கு வந்த முதல்நாள் நான் வழக்கம்போல் விசிலோடு நின்றேன். கழுத்துக் கயிற்றைச் சரி பண்ணி, தொண்டையைக் கனைத்து, வாய்க்குக் கொண்டுபோகிறேன். அவள் தோசை திருப்பிக்கொண்டிருக்கிறாள். "மருந்து எங்கடி?" என்றேன். "எடுத்தாச்சே" என்கிறாள். ஒரு தோசைக்கும் அடுத்த தோசைக்கும் நடுவில் எடுத்துவிட்டாளாம். இதெல்லாம் ஒரு வைத்தியமா? மருந்து எடுத்தது மாதிரியே இல்லை. வீட்டில் ஒரு சத்தம் வேண்டாமா? எதிர்வீட்டு ஆரோக்கியம் மத்தியானம் வந்து, "என்னண்ணே, மதினி நல்லா இருக்காங்கல்ல? விசிலே காணோமே?" என்று விசாரித்துவிட்டுப் போனார். அவருக்கே தூக்கம் வரவில்லையாம்.

அதற்குப் பிறகு பேச்சே வேறு. அக்கா பேத்திக்குக் காதுகுத்து, போடிக்குப் போகிறேன், தனியாகப் போகிறேன் என்கிறாள். நான் முடியாது என்றேன். ஒரு பந்தயம் போட்டாள். மத்தியான வேளை மருந்து பஸ்ஸிலேயே வரும். அதை அவளாக, யாரும் சொல்லாமல், நேரத்துக்கு எடுத்துவிட்டால் நான் இனிமேல் விசிலைத் தொடக் கூடாது. தவறினால், பழையபடி வாசற்படி தாண்ட மாட்டாள், நாலு வேளையும் விசில். கையடித்துச் சத்தியம் பண்ணிக்கொண்டோம். அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன். வேவு இல்லை சார். நடுவர் இல்லாமல் பந்தயம் உண்டா?

இப்போது மணியைப் பாருங்கள். நேரம் ஆகிவிட்டது. கணவாய் ஏறுவதற்குள் எடுத்தாக வேண்டும். எடுக்கிறாளா? பக்கத்தில் இருக்கிற அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். வெள்ளரிக்காய் தின்கிறாள். உப்பு மிளகாய்த்தூள் வேறு! பையைத் திறக்கவில்லை. இதோ, ஜன்னலில் தலையைச் சாய்க்கிறாள். கண்ணை மூடுகிறாள் சார். தூங்கப்போகிறாள்!

நான் என்ன செய்வேன்? ஜெயித்தது நான்தான். விசில் எனக்குத்தான். ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லையே, ஏன்? மருந்து தவறினால் திரும்பவும் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள் சார். பந்தயம் நாசமாகப் போகட்டும். அவள் ஜெயிக்கட்டும். ஒரு சின்ன ஞாபகப்படுத்தல். மெதுவாக. இரண்டே இரண்டு விசில்...

ஐயோ! அம்மா! குக்கர்! பிடியுங்கள் சார், உருளுகிறது! அடி பட்டதா? எனக்கில்லை, குக்கருக்கு?

முதல் விசில்தான் சார் போனது. இரண்டாவதை அடிப்பதற்குள் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். நல்ல டிரைவர். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், நின்றுவிட்டார். என்ன ஊர் என்று அந்தப் பெரியவர் கேட்கிறார். ஊரே இல்லை ஐயா, இறங்காதீர்கள், வெறும் புளியமரம். இறங்கிவிட்டாரே. யாராவது அவரைக் கூப்பிடுங்கள்.

கண்டக்டர் வருகிறார். நான் தூங்குகிற மாதிரி இருக்கிறேன்.

"யாருய்யா அது விசில் அடிச்சது?"

"தெரியலையே தம்பி."

"யோவ் பெரியவரே, வாயில விசிலை வெச்சுக்கிட்டே தெரியலைங்குறீங்க! எடுங்க, குடுங்க இப்படி!"

பிடுங்கிவிட்டார் சார். சீனியர் என்றுகூடப் பார்க்கவில்லை.

"தம்பி! அவரை வையாதீங்க தம்பி!"

சீனி. எழுந்து நிற்கிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு இங்கேதான் பார்க்கிறாள். குல்லாவை இழுத்துவிடுங்கள் சார், மூக்கு தெரிகிறதா?

"ஏம்மா, நீங்க எடுத்த ரெண்டாவது டிக்கெட் ஆளு இவருதானா?" என்று கண்டக்டர் கேட்கிறார்.

"அவரேதான். குரங்குக் குல்லா போட்டா வேற ஆளா ஆயிருவாரா? நான் ஏறும்போதே சொன்னேன்ல, பின்வாசல்ல ஒரு குல்லா தொத்தும், வயசானவரு, பாத்து ஏத்திக்கங்கன்னு."

இரண்டு டிக்கெட்டா? அப்படியென்றால் இவர் என்னைப் பார்த்துச் சிரித்தது... சரி. விடுங்கள்.

"இந்தாருங்க, உங்களைத்தான்! நான் உசிலம்பட்டியில பஸ் நின்னப்பவே மருந்தை இழுத்து, இருமி, தண்ணியக் குடிச்சு, வெள்ளரிக்காயும் வாங்கியாச்சு, நீங்க மனுசனா இருந்தா இப்பவாச்சும் அந்தக் குல்லாவைக் கழட்டிட்டு நிம்மதியா உக்காந்து வாங்க!"

கேட்டீர்களா சார்? கேட்டீர்களா? "நீங்க மனுசனா இருந்தா" என்று ஆரம்பித்தாள். அவளே முடித்தாள். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. முழு வாக்கியம் சார்!

என்ன, நீங்களும் பார்த்தீர்களா? உசிலம்பட்டியிலா? நான் குக்கர் கதை சொல்லும்போதா? ஏன் சார் சொல்லவில்லை? நான் விடவில்லையா? சரிதான். அந்த இருமல், புழுதி இல்லையா அப்போது.

"காலையில மாத்திரை போட்டீங்களா?"

எந்த மாத்திரை? என்னையா கேட்கிறாள்?

"இட்லித் தட்டுல நான் வெச்ச மாத்திரை அப்படியே இருந்துச்சு. குல்லாவைத் தேடுற அவசரத்துல அய்யா எழுந்து போயிட்டாரு. ஏங்க, இதைக் கொஞ்சம் பின்னாடி பாஸ் பண்ணுங்க. அந்தத் தண்ணி பாட்டிலையும்."

வருகிறது சார். டிக்கெட்டுக்குச் சில்லறை கைமாறி வருமே, அந்த மாதிரி ஒவ்வொரு சீட்டாக வருகிறது. எல்லாரும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

"சுகருக்கா?"

"இல்லக்கா, பிரஷருக்கு. எங்க வீட்டுக்காரருக்கும் இதே கலர்தான். அவரும் மறந்துருவாரு."

"ஒரு வெள்ளரிப் பிஞ்சும் குடுத்து விட்டுருக்காங்க, இந்தாங்க பெரியவரே. உப்பு கம்மியாத்தான் இருக்கு."

பிடியுங்கள் சார் பாட்டிலை. குல்லா வேறு நனைகிறது. கழற்றிவிடுகிறேன்.

கண்டக்டர், பஸ் எடுக்கலாமா என்று அவளிடம் கேட்கிறார். அவளிடம்! "அவரு முழுங்கட்டும், நான் சொல்றேன்" என்கிறாள். "அந்த விசிலை இங்க குடுங்க தம்பி. பந்தயத்துல ஜெயிச்சது." விசில் முன்னால் போகிறது. கை மாறி மாறிப் போகிறது. வாங்கிவிட்டாள். சேலைத் தலைப்பில் துடைக்கிறாள். வாயில் வைக்கிறாள்.

வேண்டாம் சீனி. எல்லாரும் பார்க்கிறார்கள். அன்றைக்கு மாதிரி வெறும் காற்றாக வந்துவிட்டால் நீ வருத்தப்படுவாய். சார், நீங்கள் அந்தப் பக்கம் பாருங்கள். யாரும் பார்க்க வேண்டாம்.

கேட்டீர்களா!

இரண்டு விசில்! காது அடைக்கிறது சார். ஆண்டிபட்டி வரைக்கும் கேட்டிருக்கும். பஸ் கிளம்பிவிட்டது பாருங்கள். புளியமரத்துப் பெரியவரும் ஏறிவிட்டார். நானும் முழுங்கிவிட்டேன், எனக்கே தெரியாமல். இரண்டு விசில் என்றால் உள்ளே இழுக்க வேண்டும் இல்லையா, அந்தப் பழக்கம்.

கண்ணில் தண்ணீரா? ஒன்றுமில்லை. அந்த வெள்ளரிக்காய் மிளகாய்த்தூள்.

எவ்வளவு காற்று சார், எவ்வளவு காற்று அவளிடம்! ஆனால் இரண்டு விசிலுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி அதிகம். கவனித்தீர்களா? போடி போய்ச் சேர்ந்ததும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.